கக்கன்: ஓர் அமைச்சரின் வாழ்வும் அவர் கண்ட தேர்தல்களும்

நம் சமுதாயத்து இளைஞர் ஒருவரிடம் கக்கனைப் பற்றிக் கேட்டால், எளிமையாக வாழ்ந்தவர், பதவியால் பொருள் சேர்க்காதவர், இறுதிக்காலத்தில் அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் படுத்திருந்தவர் என்ற விடை உடனே வரும். மேடைதோறும் கேட்டுக் கேட்டு மனத்தில் பதிந்த செய்திகள் இவை, மெய்யானவையும் ஆகும். ஆயினும் அதே இளைஞரிடம், அவர் எத்தனை தேர்தல்களில் நின்றார், எந்தத் தொகுதிகளில் வென்றார், எந்தெந்தத் துறைகளை ஏற்று நடத்தினார், எப்படித் தோற்றார் என்று கேட்டால் விடை வருவது அரிது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் தமிழகத்தின் அமைச்சராக இருந்த ஒருவரை, அவர் உடுத்திய கதராடையைக் கொண்டு மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அவர் கையிலிருந்த அதிகாரத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை.

கல்விப் பணிக்கென நிற்கும் ஒரு சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அப்பெருமகனாரின் அரசியல் வாழ்வை ஆண்டு வாரியாக எடுத்துரைப்பது பொருத்தமாகும் என்று கருதுகிறோம். புகழ்வது மட்டும் நம் நோக்கமன்று. அவர் ஏறிய படிகளையும், ஏற முடியாமல் நின்ற இடங்களையும் ஒருங்கே அறிவதே நமக்குப் பயன் தரும்.

பிறப்பும் சூழலும்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தைச் சேர்ந்த தும்பைப்பட்டி என்னும் சிற்றூரில் 1908-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் கக்கன் பிறந்தார். தந்தையார் ஊர்க்கோயில் ஒன்றின் பூசாரி. தம் குலத்தார் வழிபடும் சிறு தெய்வத்துக்குப் பூசை செய்த அக்குடும்பத்தாருக்கு, மதுரை மாநகரின் நடுவே விண்ணுயர நிற்கும் மீனாட்சியம்மன் கோயிலின் வாயிலுக்குள் செல்ல அந்நாளில் உரிமை இல்லை. ஊர்ப் பொதுக்கிணற்றிலும், தேநீர்க் கடையிலும், பள்ளிக்கூடத்துத் திண்ணையிலும் இருந்த தடைகளை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கக்கன் கல்லூரிப் படிப்பு முடித்தவரல்லர். கிடைத்த பள்ளிக் கல்வியோடு பொதுப்பணிக்கு வந்தவர். காந்தியடிகள் தொடங்கிய அரிசன சேவா சங்கத்தின் பணி மதுரைப் பகுதியில் பரவிய 1930-களில், அதன் தலைவராக விளங்கியவர் வழக்கறிஞர் அ. வைத்தியநாதய்யர். அவரோடு இணைந்து சேரிப் பிள்ளைகளுக்கான இரவுப் பள்ளிகளிலும் மாணவர் விடுதிப் பணியிலும் கக்கன் ஈடுபட்டார். 1938-இல் அவர் மணந்துகொண்ட சொர்ணம் பார்வதி அம்மையாரும் ஆசிரியப் பணி செய்தவர். எழுத்தறிவிப்பதே இவர்களின் முதல் பொதுத்தொண்டாக அமைந்தது என்பதை நம் சங்கத்து உறுப்பினர்கள் கருத்தில் கொள்வார்களாக.

ஆலயத்தின் வாயில்

1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் காலை வைத்தியநாதய்யரின் தலைமையில் ஒரு சிறு குழு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டது. அக்குழுவில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரும் நாடார் ஒருவரும் இருந்தனர். அந்த ஐவருள் ஒருவர் கக்கன். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. கோயிலின் நிருவாக அலுவலராக இருந்த ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்று உள்ளே அழைத்துச் சென்றார். பழமைவாதிகள் சினந்தனர், கோயில் தீட்டுப்பட்டது என்றனர், அர்ச்சகர் சிலர் பணிக்கு வர மறுத்தனர். நுழைவுக்குத் துணைநின்றோர் மீது வழக்குகள் வராமல் காக்க இராசாசியின் அரசு முதலில் அவசரச் சட்டமும், பின்னர் அதே ஆண்டில் முறையான சட்டமும் கொண்டுவந்தது.

இந்நிகழ்ச்சியைப் பேசும்போது அதற்கு முந்திய ஆண்டில் நடந்ததையும் சேர்த்துப் பேச வேண்டும். நம் சமுதாயத்தின் மூத்த தலைவர் எம்.சி. இராசா 1938-இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஆலய நுழைவு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசு அதற்கு ஆதரவு தர மறுத்தமையால் அது தோல்வியுற்றது. நம்மவர் ஒருவர் சட்டத்தின் வழியே கேட்டபோது மூடியிருந்த கதவு, ஆளுங்கட்சியின் பெருந்தலைவர்கள் முன்னின்று அழைத்துச் சென்றபோது அடுத்த ஆண்டே திறந்தது. கோரிக்கை ஒன்றுதான், கேட்டவர் யார், துணைநின்றவர் யார் என்பதில்தான் வேற்றுமை. காங்கிரசின் உள்ளே நின்று காரியம் முடிக்கலாம் என்ற எண்ணம் கக்கன் போன்றோரின் உள்ளத்தில் வேரூன்றியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என நாம் எண்ணுகிறோம்.

மாகாணம் முழுவதற்கும் பொருந்தும் ஆலய நுழைவுச் சட்டம் 1947-இல்தான் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் வந்தது.

சிறையும் அரசியல் நிர்ணய சபையும்

1942-ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கக்கன் கைதானார். மேலூர்க் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்டார். பின்னர் பெல்லாரியை அடுத்த அலிப்புரம் சிறையில் அடைக்கப்பட்டார். அவரை அடித்த அதே காவல்துறை, இருபத்தோராண்டுகள் கழிந்தபின் அவருடைய ஆணைக்குக் கீழ் வந்தது.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் உறுப்பினர்களுள் ஒருவராகக் கக்கன் அமர்ந்தார். அச்சபைக்குச் சென்னையிலிருந்து சென்ற தாழ்த்தப்பட்ட வகுப்பினருள் வி.ஐ. முனுசாமிப் பிள்ளையும் தாட்சாயணி வேலாயுதன் அம்மையாரும் குறிப்பிடத்தக்கவர்கள். தீண்டாமையை ஒழிக்கும் விதியை அச்சபை 1948-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் ஏற்றது. பின்னாளில் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவாக நின்ற விதி அதுவே.

தனித்தொகுதி என்னும் ஏற்பாடு

கக்கனின் தேர்தல் வாழ்வை விளங்கிக்கொள்ளத் தனித்தொகுதி முறை பிறந்த கதையைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும்.

1932-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரிட்டிஷ் பிரதமர் அளித்த வகுப்புத் தீர்ப்பு, தாழ்த்தப்பட்டோர் தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதிகளை வழங்கியது. காந்தியடிகள் அதனை எதிர்த்து எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி மாகாணச் சட்டமன்றங்களில் நமக்குரிய இடங்கள் 71-இலிருந்து 148-ஆக உயர்ந்தன. சென்னை மாகாணத்தில் 18 என்பது 30 ஆயிற்று. ஆனால் தனி வாக்கு போயிற்று. இடம் நமக்கென ஒதுக்கப்படும். அதில் நிற்பவர் நம்மவராகவே இருப்பார். அவரைத் தேர்ந்தெடுப்போர் எல்லாச் சாதியினருமாக இருப்பர் என்பதே புதிய ஏற்பாடு. நம்மவர் மட்டும் வாக்களித்து நால்வரை முதலில் தெரிவு செய்யும் முன் தேர்தல் முறை ஒன்று சில காலம் இருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் அது இடம்பெறவில்லை.

இதனால் விளைந்தது என்ன? ஒதுக்கப்பட்ட இடத்தில் நிற்பவர் நம் சேரிகளின் வாக்குகளை மட்டும் நம்பி வெல்ல இயலாது. ஏனெனில் எந்தத் தொகுதியிலும் நாம் சிறுபான்மையினரே. பெரிய கட்சி ஒன்றின் ஆதரவும் பிற சாதியாரின் வாக்கும் அவருக்கு வேண்டும். அவற்றைப் பெற்றுக்கொண்டு, பின் அவர்களை எதிர்த்துப் பேச வேண்டிய வேளையில் எப்படிப் பேசுவது? இந்த இக்கட்டு ஒதுக்கப்பட்ட இடங்களில் வென்ற ஒவ்வொருவருக்கும் இருந்தது, கக்கனுக்கும் இருந்தது.

மூன்று வெற்றிகள்

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கிய முதல் பொதுத்தேர்தல் 1952-இல் நிறைவுற்றது. கக்கன் மதுரை நாடாளுமன்றத் தொகுதியிலிருந்து காங்கிரஸ் வேட்பாளராக வென்று மக்களவைக்குச் சென்றார். அந்நாளில் மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதி. அத்தகைய தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டு இடங்களில் ஒன்று தாழ்த்தப்பட்டோர்க்குரியது. ஊரின் வெளியே குடியிருந்த ஒரு பூசாரியின் மகன் அத்தொகுதி மக்களின் பெயரால் தில்லியில் அமர்ந்தார்.

1954-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் காமராசர் முதலமைச்சர் ஆனார். அதன்பின் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவர் பொறுப்பையும் கக்கன் வகித்தார். மாநிலத்தை ஆளும் கட்சியின் தலைமை நாற்காலியில் நம்மவர் ஒருவர் அமர்ந்தார் என்பதை இன்று நம்மில் பலர் மறந்திருக்கிறோம்.

1957-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் மேலூர்ச் சட்டமன்றத் தொகுதியில் நின்று வென்றார். மேலூரும் இரட்டை உறுப்பினர் தொகுதியே. அவ்வாண்டு 205 இடங்களில் 151-ஐக் காங்கிரஸ் பெற்றது. ஏப்ரல் 13-ஆம் நாள் பொறுப்பேற்ற காமராசரின் அமைச்சரவையில் முதல்வரையும் சேர்த்து எட்டுப் பேர்தாம் இருந்தனர். அந்த எண்மருள் ஒருவர் கக்கன். கூட்டத்தோடு கூட்டமாகச் சேர்க்கப்பட்ட இடமன்று அது.

இரட்டை உறுப்பினர் தொகுதிகள் 1961-இல் சட்டத்தின் வாயிலாக நீக்கப்பட்டன. அதன் பின்னணி நம் இளைஞர்கள் அறியத்தக்கது. இம்முறையில் ஒதுக்கப்பட்ட இடம் போக எஞ்சிய பொது இடத்தையும், வாக்குகள் மிகுந்தால், ஒதுக்கீட்டுக்குரிய வேட்பாளரே பெறலாம். 1957-இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் இவ்வாறே நிகழ்ந்தது. பழங்குடி வேட்பாளர்கள் இருவர் இரண்டு இடங்களையும் வெல்ல, பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி தோற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1959-இல் பழங்குடி வேட்பாளரின் வெற்றி செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. இரண்டே ஆண்டுகளில் அம்முறையே ஒழிந்தது. நிருவாக வசதி போன்ற வேறு காரணங்களும் சொல்லப்பட்டன. எனினும் காலத்தின் அடுத்தடுத்த நிகழ்ச்சிகளை நாம் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

இவ்வாறு தொகுதிகள் மாறியபின் 1962-இல் கக்கன் சமயநல்லூர்த் தனித்தொகுதியில் நின்று மூன்றாம் முறையாக வென்றார். அவ்வாண்டு காங்கிரசின் வலிமை 139-ஆகக் குறைந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் 50 இடங்களைப் பெற்று எதிர்க்கட்சியாய் எழுந்தது. வரப்போகும் மாற்றத்தின் முதல் அறிகுறி அது.

பொதுப்பணியும் வேளாண்மையும்

1957 முதல் 1962 வரை கக்கன் வகித்தது மின்சாரம் நீங்கலான பொதுப்பணித்துறையும் அரிசன நலத்துறையும் ஆகும். நம்மவர் ஒருவர் அமைச்சரானால் நம் நலத்துறையோடு நிறுத்திவிடும் வழக்கம் அன்றும் உண்டு, பின்னும் உண்டு. காமராசர் அவ்வாறு செய்யவில்லை. அணை, கால்வாய், ஏரி, பாலம், அரசுக் கட்டடம் ஆகிய அனைத்தும் அடங்கிய, பெரும்பொருள் புழங்கும் துறையை அவரிடம் ஒப்படைத்தார்.

அவர் பொறுப்பிலிருந்த காலத்திலேயே 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டது. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்து வந்து வைகையில் சேர்ந்து, மதுரை மாவட்டத்து வயல்களுக்குப் பாய்கிறது. அந்நீரைத் தேக்கி வைத்து வேண்டும்போது விடுவதற்கு வைகை அணை வழி செய்தது. பெரியாற்றுக் கால்வாயால் பயன்பெறும் பகுதிகளுள் மேலூர் வட்டமும் ஒன்று. பொதுக்கிணற்றில் நீர் மொள்ளக் கூடாது என்று விலக்கப்பட்ட சமுதாயத்தில் பிறந்தவர், ஒரு மாநிலத்தின் ஆற்றுநீருக்கெல்லாம் பொறுப்பாளராக ஐந்தாண்டுகள் இருந்தார். ஆனால் அக்கால்வாய் நீர் பாய்ந்த நிலங்களுள் நம்மவர்க்கு உரியவை மிகச் சிலவே. நம்மவருட் பெரும்பாலோர் அந்த வயல்களில் கூலிக்கு இறங்கியோரே. நீருக்கு அமைச்சரானவரால் நிலத்தின் உடைமையை மாற்ற முடியவில்லை. அது அவர் துறைக்கும் அவர் கட்சிக்கும் அப்பாற்பட்டு நின்ற கேள்வியாயிற்று.

1962 மார்ச்சு முதல் 1963 அக்டோபர் வரை வேளாண்மைத் துறையைக் கவனித்தார். கட்சிப் பணிக்காகப் பதவி துறக்கும் தம் திட்டத்தின்படி காமராசர் 1963 அக்டோபரில் முதல்வர் பதவியை விட்டு விலகினார்; எம். பக்தவத்சலம் முதல்வரானார். அப்போது கக்கனிடம் உள்துறை வந்தது.

உள்துறை என்னும் சோதனை

உள்துறையைப் பற்றி எழுதுமுன் 1957-ஆம் ஆண்டுக்கு ஒருகணம் திரும்ப வேண்டும். கக்கன் அமைச்சராகி ஐந்து மாதங்களே ஆன நிலையில், அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். முப்பத்து மூன்று வயதுகூட நிரம்பாத அவ்வீரர் சாதிக் கொடுமையை எதிர்த்து நின்றவர். தொடர்ந்து முதுகுளத்தூர்ப் பகுதியெங்கும் கலவரம் மூண்டு நம்மவரின் வீடுகள் எரிந்தன; உயிர்கள் போயின. காவல்துறை அன்று கக்கனிடம் இல்லை, பக்தவத்சலத்திடம் இருந்தது. ஆயினும் அமைச்சரவையில் நம்மவர் ஒருவர் இருப்பதனால் மட்டும் ஊர்ச்சேரிக்குக் காவல் கிடைத்துவிடாது என்பதை அந்த ஆண்டு நமக்குக் காட்டிற்று.

ஆறாண்டுகளுக்குப்பின் காவல்துறை அவரிடமே வந்தது. தமிழகத்து உள்துறைக்கு நம்மவர் ஒருவர் பொறுப்பேற்றது பெரும் நிகழ்ச்சி என்பதில் ஐயமில்லை. அரசு ஊழியரின் இலஞ்சத்தை விசாரிக்கும் இலஞ்ச ஒழிப்புத்துறை 1964-இல் அமைக்கப்பட்டதும் அவர் காலத்திலேயே. தம் பெயரில் ஒரு குற்றச்சாட்டும் எழாதபடி வாழ்ந்தவரின் காலத்தில் அத்துறை தோன்றியது பொருத்தமே.

ஆனால் 1965 வந்தது. அவ்வாண்டு ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாகும் என்ற நிலையை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கினர். மதுரையில் மூண்ட மோதல் மாநிலமெங்கும் பரவியது. ஜனவரி 27-ஆம் நாள் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவலரின் குண்டுக்குப் பலியானார். பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் இறந்தனர், இராணுவமும் வரவழைக்கப்பட்டது. முடிவுகளை முதல்வர் எடுத்தார் என்றும், தில்லியின் கொள்கைக்கு மாநில அரசு கட்டுப்பட்டது என்றும் சொல்வதுண்டு. இருக்கலாம். எனினும் காவல்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் கக்கனே. அப்பழி அவரையும் சார்ந்தது. அதனை மறைத்து எழுதுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டுவது மற்றொன்றும் உண்டு. காவலரின் தடியடியைத் தன் உடம்பில் தாங்கிய ஒருவர் உள்துறை அமைச்சர் ஆனபின்னும், அத்துறை வெள்ளையர் காலத்து வழக்கப்படியே இயங்கிற்று. நாற்காலியில் ஆள் மாறுவது எளிது. நாற்காலியைச் சுற்றியுள்ள சட்டமும் பழக்கமும் மாறுவதற்கு, அந்த ஒருவருக்குப் பின்னால் கற்றறிந்த பலர் அதிகாரிகளாகவும் வழக்கறிஞர்களாகவும் உறுப்பினர்களாகவும் நிற்க வேண்டும். அன்று அவருக்குப் பின்னால் அத்தகையோர் மிகச் சிலரே இருந்தனர்.

1967: தோல்வி

1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் கக்கன் மேலூர் தெற்குத் தனித்தொகுதியில் நின்றார். திராவிட முன்னேற்றக் கழகத்தின் ஓ.பி. இராமன் அவரைத் தோற்கடித்தார். அவ்வாண்டு மொத்தம் 234 இடங்களில் கழகம் 137-ஐ வென்றது. காங்கிரஸ் 51-ஆகச் சுருங்கியது. விருதுநகரில் காமராசரும் திருப்பெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றனர். அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் மொழிப்போரின் காயங்களும் சேர்ந்து எழுப்பிய அலை அது. கக்கன் ஒருவர் மட்டும் அதற்குத் தப்பியிருக்க வழியில்லை.

ஆயினும் நாம் இதில் ஒரு செய்தியைக் கவனிக்கிறோம். தனித்தொகுதி ஆதலால் கக்கனை வென்றவரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினரே. ஓ.பி. இராமன் பின்னர் கழக ஆட்சியில் அமைச்சராகவும் ஆனார். ஒரு கட்சியை மட்டும் நம்பியிருந்த நம் மக்கள் இரண்டு கட்சிகளுக்கிடையே தெரிவு செய்யும் நிலைக்கு வந்தனர். அரசியல் வளர்ச்சியில் இது ஒரு படி. ஆனால் இரு தரப்பிலும் நின்றவர் நம்மவராக இருக்க, அவ்விருவரையும் தெரிவு செய்து நிறுத்திய கட்சித் தலைமைகள் நம் கையில் இல்லை என்பதும் அதே தேர்தலில் தெளிவாயிற்று.

1967 மார்ச்சு 6-ஆம் நாள் அண்ணா முதலமைச்சரானார். கக்கனின் அமைச்சர் வாழ்வு அத்துடன் முடிந்தது.

இறுதி ஆண்டுகள்

பதவியை விட்டிறங்கியபோது அவரிடம் செல்வம் ஏதும் இல்லை. அரசு பங்களாவை விட்டு வாடகை வீட்டுக்குச் சென்றார்; பேருந்தில் பயணம் செய்தார். பின்னாளில் நோயுற்று மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் சேர்ந்திருந்தபோது, வேறொருவரைக் காண வந்த அந்நாள் முதலமைச்சர் எம்.ஜி. இராமச்சந்திரன் அவரைக் கண்டு உள்ளம் வருந்தினார். சிகிச்சைக்கும், குடியிருப்புக்கும், உதவித்தொகைக்கும் ஏற்பாடு செய்தார். கட்சி வேறுபாடு பாராமல் செய்த அச்செயல் போற்றத்தக்கது.

1981-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் சென்னையில் கக்கன் மறைந்தார். அகவை எழுபத்து மூன்று. 1999-இல் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. தும்பைப்பட்டியில் அரசு எழுப்பிய மணிமண்டபம் 2001-இல் திறக்கப்பட்டது. அவர் வென்ற சமயநல்லூர்த் தொகுதி 2008-ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையில் மறைந்துபோயிற்று.

அவருடைய எளிமையை நாம் வணங்குகிறோம். ஆனால் ஓர் ஐயத்தையும் இங்கே முன்வைக்கிறோம். கக்கனைப் பற்றிப் பிறர் பேசும்போதெல்லாம் அவருடைய வறுமையே முன்னிற்கிறது. அவருடைய நிருவாகம் பின்தள்ளப்படுகிறது. அணையைத் திறந்த மற்றோர் அமைச்சரை அணையால் நினைக்கிறார்கள். நம்மவரை மருத்துவமனைக் கட்டிலால் நினைக்கிறார்கள். நேர்மை அவர் தாமே விரும்பி ஏற்ற அறம். வறுமை நம் சமுதாயத்துக்குப் பிறர் விதித்த நிலை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் புகழும் புகழ்ச்சியில் நம் இளைஞர்கள் மயங்கிவிடலாகாது. நேர்மையாக வாழ்ந்த அமைச்சர் முதுமையில் மருந்துக்குத் தவிக்க நேர்ந்தது அவருக்குப் பெருமை. நாட்டுக்கு அது பெருமையாகாது.

நாம் கொள்ள வேண்டுவது

கக்கன் போன்றோர் காங்கிரசில் சேர்ந்ததை நம் முன்னோருள் சிலர் கடுமையாகக் குறை கூறினர். இரட்டைமலை சீனிவாசன் வழியிலும், அம்பேத்கரின் இயக்கத்தைத் தமிழகத்தில் நடத்திய ந. சிவராசு வழியிலும் நின்றோர், பிறர் தயவில் கிடைக்கும் பதவி நம் குரலை அடக்கிவிடும் என்றனர். அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. 1957-உம் 1965-உம் அதற்குச் சான்று. ஆனால் கோயில் வாயிலைக் கடந்ததும், கட்சித் தலைமையில் அமர்ந்ததும், மாநிலத்தின் நீரையும் காவலையும் ஆண்டதும் வெறும் அடக்கத்தால் நிகழ்ந்தவை அல்ல. இவ்விரு வழியினரும் ஒருவரையொருவர் நிறைவு செய்தனர் என்றே நாம் கருதுகிறோம். வெளியே நின்று கேட்டவர் இல்லையேல் உள்ளே இருந்தவருக்கு இடம் கிடைத்திராது. உள்ளே ஒருவர் இல்லையேல் கேட்டது கோப்பில் ஏறியிராது.

கதை அங்கே முடியவில்லை. கக்கனை 1957-இல் வெற்றி பெறச் செய்த அதே மேலூர் வட்டத்தில் மேலவளவு என்னும் ஊர் உள்ளது. 1996-இல் அவ்வூராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்புகளுக்கிடையே நின்று வென்ற முருகேசனும் அவருடன் சென்றோர் சிலரும் 1997-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் பேருந்திலிருந்து இறக்கி வெட்டிக் கொல்லப்பட்டனர். மாநில அமைச்சராக ஒருவரை ஏற்றுக்கொண்ட மண், நாற்பதாண்டுகள் கழிந்தும் ஊராட்சித் தலைவராக மற்றொருவரை ஏற்க மறுத்தது. தொலைவில் கோட்டையில் இருக்கும் நம்மவரைப் பொறுத்துக்கொள்வோர், ஊர்ச் சாவடியில் எதிரே அமரும் நம்மவரைப் பொறுப்பதில்லை. தேர்தல் வரலாறு நமக்குக் கற்பிக்கும் கசப்பான பாடம் இது.

ஆகவே இளைஞர்களே, கக்கனின் படத்துக்கு மாலையிடுவதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஊராட்சியிலும் ஒன்றியத்திலும் எந்தெந்த இடங்கள் நமக்கென ஒதுக்கப்பட்டுள்ளன என்பதைக் கேட்டறியுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் தெருவின் பெயர்கள் அனைத்தும் உள்ளனவா என்று பாருங்கள். நம்மவர் ஒருவர் பதவிக்கு வரும்போது, அவருக்கு எந்தத் துறை தரப்பட்டது, எவ்வளவு நிதி தரப்பட்டது, அவர் கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதைக் கணக்கிடுங்கள். அவர் தவறினால் தயங்காமல் கேளுங்கள். அவர் தனித்து விடப்பட்டால் துணை நில்லுங்கள். இவற்றுக்கெல்லாம் கல்வி வேண்டும். அதற்காகவே நம் சங்கம் இருக்கிறது.

இரவுப் பள்ளியில் விளக்கேற்றிப் பணியைத் தொடங்கியவர் கக்கன். அவருக்குப் பின்னால் நிற்க அன்று போதிய படித்தவர்கள் இல்லை. இனி வருவோர்க்கு அந்தக் குறை நேராமல் காப்பது நம் கடமையாகும்.